பதினான்கு நாள்

மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம், அதன் 13ஆம் பிரிவில், தொழிலாளிக்கு ஓர் எளிய உரிமையைத் தருகிறது. அங்கீகாரம் பெற்ற சங்கம் கூட்டு ஒப்பந்தம் பேச வரும்படி நிர்வாகத்துக்கு எழுத்தில் அழைப்பு அனுப்பினால், 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். சரி என்றால் 30 நாளுக்குள் பேச்சு தொடங்க வேண்டும். மறுத்தாலோ, பேசாமல் இருந்தாலோ, சங்கம் விவகாரத்தை அரசின் தொழிலுறவுத் துறைக்குக் கொண்டுபோகலாம். பால்மரம் சீவியவர், செம்பனைக் குலை அறுத்தவர், முதுகில் மருந்து டப்பாவைச் சுமந்து களைக்கொல்லி அடித்த பெண் எல்லாருக்குமான சட்டம் அது. ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் கூடி எழுதிய கடிதத்துக்கும் தோட்ட நிர்வாகியான துரையின் மேசையிலிருந்து பதில் வந்தாக வேண்டும்.

அந்தத் தொழிலாளியின் மகள் பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள். பருவம் முடியும்போது பாடத்தைப் பற்றிய கருத்துப் படிவம் வருகிறது. ஒன்று முதல் ஐந்து வரை எண்கள்; கடைசியில் வேறு கருத்து இருந்தால் எழுதச் சொல்லி ஒரு வெற்றுக் கட்டம். அந்தக் கட்டத்தில் அவள் எழுதுவதற்கு யாரும் பதில் தரக் கடமைப்பட்டவர்கள் இல்லை. அடுத்த பருவத்தில் அவள் வேறு பாடத்தில் இருப்பாள். தான் எழுதியதை யாராவது படித்தார்களா என்பதே அவளுக்குத் தெரியாமல் போகும். "எழுதி என்ன ஆகப்போவுது அண்ணே, அடுத்த செம் நாங்க அங்க இல்லையே" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். குறையாகக்கூட அவள் அதைச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

உயர்கல்வியில் மாணவர் குரலுக்கு இடம் வேண்டும், ஆசிரியரும் மாணவரும் கூடிக் கல்வியை உருவாக்க வேண்டும் என்று இன்று உலகம் முழுவதும் பேசுகிறார்கள். நல்ல பேச்சு. ஆனால் பைராம் தோட்டத்துப் பக்கம் நின்று அதைக் கேட்கும்போது என் மனம் அந்த 14 நாளையே சுற்றி வருகிறது.

பைராம், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்தில் உள்ள தோட்டம். ஜார்ஜ்டவுனிலிருந்து பாலத்தைத் தாண்டித் தெற்கே, பேராக் எல்லைப் பக்கமுள்ள கிரியான் ஆற்றை நோக்கி வர வேண்டும். பெயர் இங்கிலாந்தின் யார்க்‌ஷரைச் சேர்ந்தது. அங்கே பைராம் என்பது ராம்ஸ்டன் பிரபுக் குடும்பத்தின் ஊர். 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களில் பெரும் பங்கு அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. அருகிலுள்ள கலிடோனியா தோட்டமும் அவர்களுடையதே. மலாயாவில் ரப்பர் வேர் பிடிப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மண் இது. அந்த ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது.

பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு மட்டும் வெகுகாலம் நின்றது. விடியுமுன் களத்தில் கூடி நிற்பார்கள். பெயர் கூப்பிடும்போது ஆள் இருப்பதைத் தெரிவிக்க வேண்டும். எந்த நிரையில் வேலை என்பதைப் பிரித்துச் சொல்வார்கள். அந்தக் களத்தில் தொழிலாளி வாய் திறப்பது தன் பெயருக்குப் பதில் கொடுக்க மட்டுமே. குறை இருந்தால் மேற்பார்வை பார்க்கும் தண்டலிடம் சொல்ல வேண்டும். தண்டல் தோட்ட எழுத்தரான கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி மனம் வைத்தால் அது துரையின் காதுக்குப் போகும். போனதா இல்லையா என்று கேட்க வழியில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு இன்னொன்றும் இருந்தது. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். வயிற்றுக்கான கோரிக்கையும் மரியாதைக்கான கோரிக்கையும் ஒரே தாளில் இருந்தன. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாக 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கம் பின்னாளில் நடந்துகொண்ட விதம் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. ஆனாலும் கேட்டவனுக்குப் பதில் வர வேண்டும் என்பதைச் சட்டமாகப் பெற்ற தலைமுறை அது. அதை நான் சிறிதாக எண்ண மாட்டேன்.

இதே தென் செபராங் பிறையில், ட்ரான்ஸ்கிரியன் பகுதியில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. 1969இல் பினாங்கில் தொடங்கி, பின்னர் மிண்டனில் பழைய ராணுவ முகாமுக்குள் குடியேறிய பல்கலைக்கழகம் அது. நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம். பொறியியல் பிரிவு பேராக்கில் சில காலம் இருந்துவிட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிபோங் திபாலுக்கு வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளிகள் சுற்றிலும் இருக்கின்றன: பைராம், ட்ரான்ஸ்கிரியன், கலிடோனியா. அந்தப் பள்ளிகளிலிருந்து அந்த வளாகத்துக்குத் தூரம் அதிகமில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு.

பல்கலைக்கழகம் பிறந்து இரண்டே ஆண்டில், 1971இல், பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. மலாய்ச் சுருக்கத்தில் எல்லாரும் ஆவுக்கு என்பார்கள். அதை இறுக்கிய நிகழ்ச்சி இந்தப் பக்கத்தில்தான் நடந்தது. 1974இன் இறுதியில் ரப்பர் விலை சரிந்து, கெடா மாநிலத்தின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் பட்டினிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தமிழர் வேலை செய்த பெருந்தோட்டங்களிலும் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்ததால், அந்தச் சரிவு தொழிலாளர் குடியிருந்த எல்லா லயத்துக்கும் எட்டியது. பாலிங் மக்களுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். டிசம்பர் 3ஆம் தேதி கோலாலம்பூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள். இளைஞர் தலைவராக இருந்த அன்வார் இப்ராகிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைப்பட்டார். கிராமப்புற வறுமையை ஆராய்ந்துவந்த மலாயாப் பல்கலைக்கழக ஆசிரியர் சையத் ஹுசின் அலியும் அந்த டிசம்பரிலேயே கைதாகி ஆறு ஆண்டுகள் விசாரணையின்றித் தடுப்புக்காவலில் இருந்தார்.

ஆசிரியரும் மாணவரும் கூடிச் செயல்படுவதைப் பற்றி எழுதும் இன்றைய அறிக்கைகளில் அவர் பெயரைப் பார்க்க முடியாது. ஆனால் இந்த நாட்டில் ஓர் ஆசிரியர் தன் ஆய்வறைக்குள் கண்டதும், மாணவர்கள் தெருவில் கண்டதும் ஒன்றாக இருந்த காலம் அது. இருவரும் ஒரே விலையைக் கொடுத்தார்கள். நம் வரலாற்றில் கூட்டுறவு என்ற சொல்லுக்கு நான் முதலில் காட்டும் சான்று அதுவே.

ஆவுக்குவின் 1975ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கூட்டை உடைக்கவே வந்தது. வலுவான மாணவர் சங்கங்கள் போய், மாணவர் பிரதிநிதித்துவ மன்றங்கள் வந்தன. மாணவர் அரசியல் கட்சியோடு மட்டுமல்லாமல் தொழிற்சங்கத்தோடும் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது சட்டம். இதை ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். அப்பா சங்கத்தின் தோட்டக் கமிட்டியில் இருப்பார். மகன் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த நாளிலிருந்து அந்தச் சங்கம் அவனுக்கு விலக்கப்பட்டது. பேசிப் பேசித் தந்தை கற்ற கலை, மகன் கற்கத் தகாத கலையானது.

தடைகளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பணம். பிரதிநிதித்துவ மன்றம் எந்த நிதியையும் வைத்திருக்கக் கூடாது, யாரிடமிருந்தும் பணம் திரட்டக் கூடாது, செலவு இருந்தால் துணைவேந்தரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று சட்டம் வகுத்தது. யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரிடமே தேநீர்ச் செலவுக்கும் கை நீட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்த மன்றம், ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு உள்ள சுதந்திரம்கூட இல்லாமல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நடந்தது.

பிறகு கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. இடைத்தேர்தல் நடந்த தொகுதிக்குப் போனதற்காக நடவடிக்கைக்கு ஆளான நான்கு மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 அக்டோபர் 31ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், கட்சி அரசியலுக்கான அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2012இல் மாணவர் கட்சியில் சேரலாம் என்றானது. 2018இல் வளாகத்துக்குள்ளும் அரசியல் பேசலாம் என்றானது. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதில் வாக்குரிமை வந்தது. 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், மாணவர் அமைப்புகள் தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்க வழி திறந்தது. கடைசியாகச் சொன்னதை நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக மதிக்கிறேன்.

ஆனால் சட்டம் அவிழ்த்ததும் தோட்டத்துப் பிள்ளை பேசிவிடுமா?

அந்தப் பிள்ளை கடந்துவந்த வழியைப் பாருங்கள். ஆறு ஆண்டு தமிழ்வழி. இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும்போது மலாய் மொழி போதவில்லை என்றால் ஓராண்டு புகுமுக வகுப்பு. தன் வயதுப் பிள்ளைகள் மேலே போக, தான் ஒரு வருடம் பின்னால். அப்புறம் எல்லாப் பாடமும் மலாயில். பல்கலைக்கழகத்துக்கு வந்தால் பாடநூல் ஆங்கிலத்தில். ஒவ்வொரு வாசலிலும் தன் மொழி போதாது என்று கற்றுக்கொண்டு வந்த பிள்ளை அது. விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் வாய் மூடி உட்கார்ந்திருப்பதைக் கூச்சம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. பேசினால் பிழை வரும், பிழை வந்தால் அது தன் பெயரோடு நில்லாமல் தன் ஆட்கள் எல்லார் பெயரிலும் எழுதப்படும் என்ற கணக்கு அந்த மௌனத்தில் இருக்கிறது. அதோடு கல்விக் கடன், வார இறுதியில் பகுதிநேர வேலை. மாலையில் கூடும் மன்றக் கூட்டத்துக்கு வரமுடிந்தவர்கள் பெரும்பாலும் நேரமும் மொழியும் கையில் உள்ளவர்கள். அவர்கள் நல்ல பிள்ளைகளாகவே இருக்கலாம். மற்றவர்களுக்கு என்ன தேவை என்பது அவர்களுக்கு எட்டுவதில்லை.

1969இல், பினாங்குப் பல்கலைக்கழகம் பிறந்த அதே ஆண்டில், ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி குடிமக்களின் பங்கேற்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நகரச் சீரமைப்புத் திட்டங்களில் ஏழை மக்களையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி உண்மையில் என்ன நடக்கிறது என்பதை எட்டுப் படியுள்ள ஏணியாக அடுக்கிக் காட்டினார். அடியில் ஏமாற்று. நான்காம் படியில் கலந்தாலோசனை: கருத்தைக் கேட்பார்கள், கேட்டபடி நடப்பதாக வாக்குக் கிடையாது. ஆறாம் படியில்தான் கூட்டுப் பொறுப்பு: முடிவெடுக்கும் அதிகாரம் பேச்சுவார்த்தையின் வழியே பங்கிடப்படும் இடம். நம் கருத்துப் படிவங்கள் நான்காம் படியில் நிற்கின்றன. அறிக்கைகளில் ஆறாம் படியின் பெயரைச் சூடிக்கொண்டு நிற்கின்றன.

பொறியியல் கல்வியில் மாணவர் சொல்லுக்கு உண்மையான எடை கிடைக்கும் ஒரு தருணம் உண்டு. மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. அதனால் இங்கே பெறும் பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கின்றன. அதற்கு ஈடாக, அங்கீகாரக் குழு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு துறைக்கும் வந்து பார்க்கும். பாடத்திட்டம், விடைத்தாள், ஆய்வுக்கூடம் எல்லாம் பார்த்துவிட்டு, மாணவர்களையும் தனியே சந்திக்கும். ஆய்வுக்கூடக் கருவி வேலை செய்யவில்லை என்று ஒரு மாணவர் அங்கே சொன்னால் துறை அதற்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டியிருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு மணிநேரம் மட்டும், மாணவர் சொல்லுக்குப் பதில் சொல்லும் கடமை பிறக்கிறது. அது பிறப்பது வெளியிலிருந்து ஒருவர் கேட்பதால். அதே கடமையை உள்ளேயே, ஒவ்வொரு பருவத்திலும் ஏன் வைக்கக் கூடாது என்பதே என் கேள்வி.

அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் அலிசன் குக்-சேதர் நடத்திவரும் திட்டத்தில் ஒரு மாணவர் தான் படிக்காத ஒரு பாடத்தின் வகுப்பில் வாரந்தோறும் உட்கார்ந்து கவனிக்கிறார்; பிறகு அந்த ஆசிரியரோடு தனியே பேசுகிறார். யார் பேசினார்கள், யார் பேசவில்லை, எந்த இடத்தில் பின்வரிசை முகங்கள் வெறுமையாயின என்பதைச் சொல்கிறார். மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லாததால் பயமில்லை. முக்கியமாக, அந்த மாணவருக்கு மணிக்கணக்கில் ஊதியம் உண்டு. குரல் கொடுப்பதும் உழைப்புதான் என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. தோட்டத்து மக்களுக்கு இது விளங்க விளக்கவுரை வேண்டாம்.

நம்மிடையேயும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை என்பது மாணவர் அமைப்பு. இந்திய ஆய்வியல் துறை ஆசிரியர்களின் துணையோடு அது 1986இலிருந்து நாடு தழுவிய சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைப் பேரவைக் கதைகள் என்ற தொகுப்புகளாக வெளியிட்டுவருகிறது. மூன்று நான்கு ஆண்டில் மாணவர்கள் மாறிவிடுவார்கள். வேலை மட்டும் கைமாறித் தொடர்கிறது. பணம் திரட்டத் தடை இருந்த காலத்திலேயே இதைச் செய்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை அந்தத் தொகுப்புகளை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆசிரியர் அறிவும் மாணவர் உழைப்பும் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு வெளியே லயத்து வீட்டில் உட்கார்ந்து எழுதியவரின் கதைக்கும் அச்சில் இடம் தேடித் தந்தன. இதே கூட்டு பாடத்திட்டக் குழுவுக்குள் நுழைந்ததில்லை. இலக்கியத்தில் மாணவரை நம்பிய நாம் பாடத்தில் நம்பவில்லை.

ஆசிரியர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்களின் வாயும் முழுக்கத் திறந்ததில்லை. 2000ஆம் ஆண்டின் 605ஆம் சட்டம், அரசு அமைப்புகளின் ஊழியர் என்ற முறையில், பல்கலைக்கழக விரிவுரையாளரின் பொதுப் பேச்சுக்கு அனுமதி என்ற வேலியைப் போட்டது. அந்தக் காலத் தோட்டப் பள்ளியில் கிராணியே வாத்தியாராகவும் இருந்ததுண்டு. துரையிடம் சம்பளம் வாங்குபவர் துரையைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருக்க முடியும்? தன் குரலுக்குப் பதில் கிடைக்காத ஆசிரியர், மாணவர் குரலுக்குப் பதில் தரப் பழகுவது கடினம். ஆகவே மாணவருக்கு உரிமை கேட்பவர்கள் விரிவுரையாளருக்கும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் அது நிலைக்காது.

பாடம் வகுப்பதும் தேர்வு திருத்துவதும் அறிந்தவர் வேலை, மாணவருக்கு அதில் என்ன இடம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் எதிரிகள் அல்லர். பாலத்தின் பாரத்தைக் கணக்கிடும் விதி வாக்கெடுப்பால் மாறாது என்பது எனக்கும் தெரியும். தொழிலுறவுச் சட்டத்தின் அதே 13ஆம் பிரிவும் வேலைக்கு எடுப்பது, இடமாற்றம், பதவி உயர்வு போன்றவற்றைப் பேரத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. அந்த வேலி தோட்டத்தில் எத்தனையோ அநியாயங்களுக்குக் காவலாக நின்றது என்பதையும் மறக்க முடியாது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பது ஏராளம். எந்தக் கணக்கு எந்த வேகத்தில் நடத்தப்படுகிறது, ஆய்வுக்கூடக் குழுவை யார் பிரிக்கிறார்கள், ஒப்படைப்புகள் எல்லாம் ஏன் ஒரே வாரத்தில் விழுகின்றன, ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவர் கேள்வி கேட்க வேறு வழி உண்டா: இவற்றில் அறிந்தவர் மாணவரே.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு பருவமும் தொடங்கி 14 நாளுக்குள், ஒவ்வொரு பாடத்தின் ஆசிரியரும் ஒரு பக்கம் எழுதட்டும். போன பருவத்து மாணவர்கள் என்ன சொன்னார்கள், அதில் எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை, ஏன். அதைப் புது வகுப்பிலும் சொல்லட்டும், பழைய வகுப்புக்கும் அனுப்பட்டும். மறுப்புக்கும் காரணம் எழுத வேண்டும். காரணம் திருப்தி தரவில்லை என்றால் மாணவர் துறைத் தலைவரிடம் அந்தத் தாளோடு போகலாம்.

இதற்கு நாடாளுமன்றம் தேவையில்லை. ஒரு துறை முடிவு செய்தால் நிபோங் திபாலில் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம். 2024க்குப் பிறகு மாணவர் அமைப்புகள் தங்கள் கணக்கில் வைக்கும் பணத்திலிருந்து முதல் செலவாக, வார இறுதியில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்த வேலையில் கிடைக்கும் சம்பளத்தைக் கொடுத்து, பாடத்திட்டக் கூட்டங்களில் உட்கார வைக்க வேண்டும். பைராமிலிருந்து ஒரு பெண் வருவாள். முதல் கூட்டத்தில் அவள் பேசாமல் போகலாம். மூன்றாவது கூட்டத்தில் பேசுவாள். அவள் கேட்டதைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுத வேண்டும். 14ஆம் நாள் அவள் கையில் பதில் இருக்க வேண்டும்.